அந்தத் தேதியில் அவருக்கு என்ன பதவி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் இருந்துகொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் நீலகிரி பற்றிய கட்டுரைகளைத் திருத்தி வருகிறீர்கள். ஒரு கட்டுரையில், 1937ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றில் ராஜாஜியை 'சென்னை மாகாண முதலமைச்சர்' என்று எழுதினீர்கள். ஒருவர் வந்து 'பிரதமர்' என்று மாற்றினார். இன்னொருவர் 'இந்தியாவின் முதல் பிரதமர் நேரு, இது தவறு' என்று காரணம் போட்டு மீளமைத்தார், அதாவது பழையபடி 'முதலமைச்சர்' என்றே ஆக்கினார். வேறொரு கட்டுரையில் ஜான் சல்லிவன் 'நீலகிரியின் முதல் மாவட்ட ஆட்சியர்' என்று இருக்கிறது. அதில் கைவைத்தால் இன்னொரு சண்டை வருமோ என்று தயங்குகிறீர்கள். எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது இதுதான்: இன்றைக்குப் படிப்பவருக்கு உடனே புரியும் பதவிப் பெயரை எழுதுவதா, அந்த மனிதருக்கு அந்த நாளில் இருந்த பெயரை எழுதுவதா?

அந்த நாளில் இருந்த பெயரைத்தான் எழுத வேண்டும். புரியாத பெயராக இருந்தால், முதல் தடவை வரும் இடத்தில் அரை வரி விளக்கம் கொடுத்தால் போதும். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். நான் வருவாய்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் நீலகிரியில், பதிவறையில் போனது. நிலத் தகராறு ஒன்று வந்தால் முதலில் பார்ப்பது கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பதவியைத்தான். அந்தப் பதவிக்கு அந்தத் தேதியில் அந்த அதிகாரம் இருந்ததா என்பதை வைத்தே காகிதம் நிற்கும், விழும். ஓய்வுக்குப் பிறகு நானும் கலைக்களஞ்சியத்தில் எழுத ஆரம்பித்தேன். நிர்வாகப் பதவிகள் பற்றி உறுதியாகப் பேசுவேன். கல்வெட்டு, சமுதாய மரபு இரண்டும் என் துறை இல்லை. அவை வரும் இடத்தில் அதற்குத் தகுந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சல்லிவனை முதலில் பார்ப்போம், அது சந்தேகமே இல்லாத விஷயம். 1819ல் அவர் மலை ஏறியபோது கோயம்புத்தூர் கலெக்டர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. இந்த இரண்டையும் அவர் கட்டியது கோவை கலெக்டராக இருந்துகொண்டுதான், ஏனென்றால் அப்போது நீலகிரி என்று ஒரு மாவட்டமே கிடையாது. மலை கோவை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1830ல் ஊட்டியைச் சேர்த்து மலையின் பெரும்பகுதியை மலபார் மாவட்டத்தோடு இணைத்தார்கள். 1843ல் திரும்பக் கோவைக்கே கொண்டுவந்தார்கள். ஆக 1835ல் ஊட்டியில் ஒரு சம்பவம் நடந்ததாக எழுதினால், அங்கே வருவாய் அதிகாரம் மலபார் கலெக்டருக்கு. இதை யாரும் கவனிப்பதில்லை. 1868ல்தான் நீலகிரியைக் கோவையிலிருந்து பிரித்தார்கள். அப்போதும் கலெக்டரைப் போடவில்லை, கமிஷனரைப் போட்டார்கள். முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக வந்த பெயர். 1882ல் கமிஷனர் பதவி போய்க் கலெக்டர் பதவி வந்தது. அப்போது கமிஷனராக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லி பார்லோதான் முதல் கலெக்டர் ஆனார். சல்லிவன் இறந்தது 1855ல். அவர் இறந்து 13 வருஷம் கழித்துப் பிரிந்த ஒரு மாவட்டத்துக்கு அவர் எப்படி முதல் ஆட்சியராக முடியும்?

இந்தத் தவறு எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானே அதைச் செய்தவன். பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு நீலகிரி வரலாறு பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். அவசரத்தில், எல்லோரும் சொல்வதைப்போல 'நீலகிரியின் முதல் கலெக்டர் சல்லிவன்' என்று எழுதிக் கொடுத்தேன். பதிவறைக்குள் உட்கார்ந்துகொண்டு, அலமாரியைத் திறந்து பார்க்காமல் எழுதியது அது. பல வருஷம் கழித்து ஒரு உள்ளூர் இதழில் அதே வரி வந்திருந்தது, என் சொற்களோடு. அப்புறம் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் அந்த இதழை ஆதாரமாகக் காட்டி அதே வரி. சான்று இருக்கிறது, சரிபார்க்கலாம் என்று அதை யாரும் தொடவில்லை. சான்றின் வேர் எங்கே என்று தேடிப் போனால் அது என் மேஜைக்கு வந்து நிற்கிறது. பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) இதையெல்லாம் எழுதி, அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் அச்சில் போனதை எடுக்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: ஒரு பதவிக்கு மேற்கோள் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். அந்த மேற்கோள் எந்தக் காலத்தது, அது எதைப் பார்த்து எழுதியது என்று ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். நீலகிரிக்கு அது கஷ்டமும் இல்லை. 1880ல் வந்த கிரிக்கின் மாவட்டக் கையேடு, 1908ல் வந்த பிரான்சிஸின் மாவட்ட கெசட்டியர் இரண்டிலும் நிர்வாக வரலாற்றுக்குத் தனி இடம் இருக்கிறது.

பிரீக்ஸின் பதவியைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது கொஞ்சம் சிக்கல். 'ஆணையர்' என்று எழுதினால் அகராதிப்படி சரி. ஆனால் இன்றைக்கு ஊட்டியில் ஆணையர் என்றால் நகராட்சி ஆணையர்; குப்பை, குடிநீர், சொத்து வரி பார்ப்பவர். 1868இன் கமிஷனர் வருவாயையும் பார்த்தார், நீதிபதி வேலையையும் பார்த்தார். மாவட்டத்தின் தலைவரே அவர்தான். அதிலும் ஊட்டி நகராட்சி 1866லேயே வந்துவிட்டது, அதனால் படிப்பவர் குழம்புவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. நான் 'கமிஷனர்' என்றே எழுதி, 'மாவட்ட நிர்வாகமும் நீதி அதிகாரமும் சேர்ந்த பதவி' என்று ஒரு தடவை சொல்லிவிடுவேன். தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று வாதிடுபவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. 'ஆணையர்' என்று போட்டாலும் அந்த விளக்கம் கூடவே இருந்தால் எனக்குச் சம்மதம். 'ஆட்சியர்' என்று போட்டால் மட்டும் விட மாட்டேன், அது வேறு பதவி.

சரி, ராஜாஜிக்கு வருவோம். இங்கே 'பிரதமர்' என்பதை மீளமைத்தவரும் தவறு, உங்கள் முதல் வரியும் முழுக்கச் சரியில்லை. 1937 ஏப்ரல் 1 முதல் மாகாணங்களில் 1935ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் கவர்னருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மந்திரி சபை இருக்கும் என்று சொன்னதே தவிர, அதன் தலைவருக்குப் பெயர் வைக்கவில்லை. வழக்கத்தில்தான் 'பிரைம் மினிஸ்டர்', 'பிரீமியர்' என்று அழைத்தார்கள், தமிழ்ப் பத்திரிகைகள் 'பிரதம மந்திரி' என்று எழுதின. 1937 ஜூலை 14ல் பதவியேற்ற ராஜாஜி அந்த வழக்கப்படி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. 1946ல் வந்த பிரகாசமும், 1947ல் வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் அப்படித்தான். நேரு டெல்லியில் பிரதமர் ஆன அதே 1947ல் சென்னையிலும் ஒரு பிரதமர் இருந்தார் என்பது இன்று விசித்திரமாகத் தெரியும், அன்றைக்கு யாருக்கும் குழப்பம் இல்லை. 1950 ஜனவரி 26ல் அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது மாநிலத்தில் இருப்பவர் 'சீஃப் மினிஸ்டர்' என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அப்போது பதவியில் இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரலில் பிரதம மந்திரியாக உட்கார்ந்தவர், 1952 ஏப்ரலில் முதன் மந்திரியாக எழுந்து போனார். நாற்காலி அதேதான். 1952ல் மறுபடியும் வந்த ராஜாஜி சந்தேகமில்லாமல் முதலமைச்சர். ஒரே மனிதருக்கு 1937ல் ஒரு பெயர், 1952ல் வேறு பெயர். இரண்டு வரியையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால் இடையில் நாட்டில் நடந்தது அத்தனையும் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறது.

1937க்கு முந்தியதில்தான் எனக்கே நிச்சயமாக ஒரு பக்கம் நிற்க முடிவதில்லை. 1920 டிசம்பரில் பதவிக்கு வந்த சுப்பராயலு ரெட்டியார் தொடங்கி, பனகல் அரசர், டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் வரை இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற சில துறைகள் மந்திரிகளிடம் இருந்தன. நிதி, காவல், நில வருவாய் எல்லாம் கவர்னரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும். அப்போது மந்திரிகளில் மூத்தவரை 'ஃபர்ஸ்ட் மினிஸ்டர்' என்றும் எழுதியிருக்கிறார்கள், 'சீஃப் மினிஸ்டர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர்களும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. நான் 'முதல் மந்திரி' என்று எழுதி, இரட்டையாட்சி என்ற சொல்லைப் பக்கத்தில் வைப்பேன். இன்னொருவர் 'முதலமைச்சர்' என்று எழுதினால் அதைத் தவறு என்று நீக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அவருக்கு இன்றைய முதலமைச்சரின் அதிகாரம் இருந்ததுபோலக் கட்டுரை தொனித்தால் அதைத் திருத்தத்தான் வேண்டும். போலீஸ் கையில் இல்லாதவரைப் பார்த்து 'அவர் ஏன் தடியடியை நிறுத்தவில்லை' என்று எழுதுவது அநியாயம்.

இதே காலத்தில் நீலகிரிக்காரர்கள் அடிக்கடி இடறும் ஒரு கல் இருக்கிறது. படகர் சமுதாயத்திலிருந்து 1920களில் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போன எச்.பி. ஆரி கவுடரின் பெயருக்குப் பின்னால் 'எம்.எல்.சி.' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'சட்ட மேலவை உறுப்பினர்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். 1937 வரை சென்னையில் ஒரே ஒரு சபைதான், அதன் பெயர்தான் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். கீழே ஒன்றும் இல்லாதபோது மேலே ஒன்று எப்படி இருக்கும்? 1937ல்தான் அசெம்பிளி, கவுன்சில் என்று இரண்டாகப் பிரிந்தது. அந்த மேலவை 1986ல் கலைக்கப்பட்டது. 1923ல் ஒருவர் எம்.எல்.சி. என்றால் அவர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினராக இருக்கலாம். அன்றைக்கு ஓட்டுரிமை எவ்வளவு குறுகலாக இருந்தாலும். 'சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதி, அன்றைய சபையின் பெயரைச் சொன்னால் போதும். அதேபோல 1962ல் நீலகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன அக்கம்மா தேவியைத் 'தமிழ்நாட்டின் எம்.பி.' என்று எழுதுகிறார்கள். அப்போது மாநிலத்தின் பெயர் மதராஸ், தமிழில் சென்னை மாநிலம். 1969 ஜனவரி 14ல்தான் தமிழ்நாடு. அண்ணா மட்டும்தான் இரண்டு பெயருக்கும் முதலமைச்சராக இருந்தவர். பெயர் மாறி மூன்று வாரத்தில் காலமானார். காமராஜரைத் 'தமிழ்நாடு முதலமைச்சர்' என்று பேச்சில் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கலைக்களஞ்சியத்தின் தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கக் கட்டம்) 'சென்னை மாநில முதலமைச்சர்' என்றே இருக்க வேண்டும்.

கவர்னர், கவர்னர் ஜெனரல், வைஸ்ராய் மூன்றையும் ஊட்டி பற்றிய கட்டுரைகளில் கலந்து அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தேதி ஒன்றே இதைத் தீர்த்துவிடும். டல்ஹௌசி 1855ல் நீலகிரியில் பல மாதம் தங்கியிருந்தார். அவரை 'வைஸ்ராய் டல்ஹௌசி' என்று எழுதுவது தவறு. வைஸ்ராய் என்ற சொல் வந்ததே 1858ல் விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தோடு, கானிங் காலத்தில். பெண்டிங் பிரபுவின் கதை இன்னும் நுணுக்கம். அவர் 1803லிருந்து 1807 வரை சென்னையின் கவர்னர். 1828ல் வந்தபோது வங்காளத்தின் கவர்னர் ஜெனரல். 1833ஆம் வருஷச் சாசனச் சட்டம் அந்தப் பதவியை 'இந்தியாவின் கவர்னர் ஜெனரல்' என்று மாற்றியது, அது 1834 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நேரத்தில் பெண்டிங் உடம்புக்காக ஊட்டியில் இருந்தார். புதிதாக வந்த சட்ட உறுப்பினர் மெக்காலே சென்னையில் இறங்கி நேரே மலையேறி அவரைப் பார்த்ததும் அங்கேதான். 'இந்தியாவின் கவர்னர் ஜெனரல்' என்ற பதவி பிறந்த முதல் சில மாதங்கள் அந்தப் பதவிக்காரர் நம் ஊரில் இருந்திருக்கிறார். ஊட்டி பற்றிய கட்டுரையில் இது ஒரு நல்ல வரியாக வந்திருக்க வேண்டியது. 'அப்போதைய வைஸ்ராய் வந்து தங்கினார்' என்று யாரோ எழுதிவைத்ததால் அந்த வரி வராமலே போயிற்று. ராஜாஜியை 'கடைசி வைஸ்ராய்' என்று எழுதுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு வைஸ்ராய் கிடையாது. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அவர் கவர்னர் ஜெனரல்.

ஊட்டியில் மைசூர் மன்னர்களுக்கு இருந்த பெர்ன்ஹில் அரண்மனை பற்றி எழுதும்போது மைசூர் மகாராஜா வருவார். ஜெயசாமராஜேந்திர உடையார் 1940ல் மகாராஜா. 1950 ஜனவரியிலிருந்து 1956 அக்டோபர் வரை மைசூர் மாநிலத்தின் ராஜபிரமுகர், அதாவது ஆளுநருக்கு ஒப்பான பதவி. அதன் பிறகு மைசூர் ஆளுநர். 1964லிருந்து 1966 வரை நம் சென்னை மாநிலத்தின் ஆளுநர். 1971ல் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் அரச பட்ட அங்கீகாரத்தையும் எடுத்துவிட்டது. இத்தனைக்கும் அவர் ஒரே ஆள். 1965ல் ஊட்டியில் ஒரு விழாவுக்கு அவர் வந்ததாக எழுதினால், 'ஆளுநர்' என்பது அவர் வந்த காரணத்தைச் சொல்லும், 'மைசூர் மகாராஜா' என்பது மக்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும். இரண்டும் உண்மை. எதை எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும்.

இதிலிருந்து பதவி வேறு, பட்டம் வேறு என்பதும் தெரியும். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அரசு கொடுத்த கௌரவங்கள். அவற்றுக்கு நாற்காலி கிடையாது, சம்பளம் கிடையாது. திவான் பகதூர் என்றிருந்தால் அவர் ஏதோ சமஸ்தானத்தில் திவானாக இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. பட்டம் கிடைத்த தேதியும் முக்கியம். கொடைக்கானலில் 1863ல் ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சை 'சர் வேர் ஹென்றி லெவிஞ்' என்று எல்லோரும் எழுதுகிறோம். அது குடும்ப வழியில் வரும் பாரனெட் பட்டம். ஏரி வந்து பல வருஷம் கழித்து, கடைசிக் காலத்தில்தான் அவர் கைக்கு வந்தது. ஏரி வேலை நடந்தபோது அவர் மதுரை கலெக்டர் லெவிஞ், அவ்வளவுதான். பொதுவாகக் கட்டுரைத் தலைப்பில் பட்டம் வேண்டாம். உள்ளே, வாங்கிய இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

மேலே உள்ளவர்களை விட எனக்கு அதிக அக்கறை கீழே உள்ள பதவிகள் மீது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்), பணியில் இருந்தபோது ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு அம்மா, தகரப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய பழைய பட்டாக்களை எடுத்து வெயிலில் பாய் விரித்து வைத்தார். மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், தொட்டால் உதிரும் காகிதம். அடியில் பழுப்பு மசியில் கையெழுத்து, பக்கத்தில் 'மணியகார்' என்று எழுதியிருந்தது. 'எங்க தாத்தா ராஜா மாதிரி இருந்தாரு சாமி, பட்டாவுலயே போட்டிருக்கு' என்றார். நான் அவர் மனம் கோணாமல் சொன்னேன்: 'மணியகார் ராஜா இல்லீங்கம்மா. ஆனா இந்த ஊர்ல யார் நிலம் எதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவருதான். அவர் கையெழுத்து இல்லாம ராஜாவே வந்தாலும் நிலம் கிடைக்காது.' அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது இப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, சந்தோஷம்தான். ஆனால் 'குறுநில மன்னர்', 'நாட்டை ஆண்டவர்' என்று எழுதிவிடுகிறார்கள். மணியகார், பார்பத்தி என்பவை வருவாய் நிர்வாகத்தோடு சேர்ந்த பெயர்கள். ஊர் கவுடர் என்பது படகர் ஊரின் சொந்தத் தலைமை. சர்க்கார் நியமித்தது அல்ல. ஒரே ஆள் இரண்டையும் வகித்திருக்கலாம், அப்போதும் அவை இரண்டு. தமிழ்நாடு முழுக்கப் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆகவே 1930இன் மணியக்காரரை 'வி.ஏ.ஓ.' என்று எழுதுவதும் அதே தவறுதான், வேறு திசையிலிருந்து. ஊர்த் தலைமையின் மரபு, அதன் படிநிலை இவற்றை எழுதும்போது அந்தந்தச் சமுதாயத்துப் பெரியவர்கள் சொல்வதும் அவர்களைப் பற்றிய ஆய்வுகளும்தான் உங்களுக்கு வழிகாட்ட வேண்டும், என்னைப் போன்ற வருவாய்த்துறை ஆள் இல்லை.

அதற்கும் முந்திய காலத்துக்குப் போனால் நான் அடக்கித்தான் பேசுவேன். போசள (ஹொய்சள) மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் நீல மலையைப் பிடித்ததாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நீலகிரிக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. புணிசன் மன்னன் இல்லை, தண்டநாயகன், படைத்தலைவன். பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில் போன தண்ணாயக்கன் கோட்டையின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். பின்னாளில் மலைக்குக் கீழே ஆண்ட தண்டநாயகர்கள் நீலகிரியை அடக்கியவர் என்ற பொருளில் ஒரு விருதுப்பெயரையும் வைத்துக்கொண்டார்கள். அதை வைத்து 'நீலகிரி மன்னர்கள்' என்று ஒரு பட்டியல் போடுவதை மட்டும் ஏற்க முடியாது. விருதுப்பெயர் என்பது உரிமை கோருவது; மேலே தோடர்களின் மந்துகளிலும் படகர்களின் ஹட்டிகளிலும் இருந்தவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதை அது காட்டாது. கல்வெட்டு படித்தவர்கள் இதற்கு மேலே பேசட்டும்.

இனி நடைமுறைக்கு. கட்டுரையில் எழுதும்போது முதலில் நிகழ்ச்சியின் தேதியை எழுதுங்கள், பிறகு அந்தத் தேதியில் அந்த ஊர் எந்த நிர்வாகத்தில் இருந்தது என்று பாருங்கள். கூடலூர்ப் பகுதி 1877 வரை மலபாரில் இருந்தது என்பது தெரியாமல் அங்கே நீலகிரி கமிஷனரைக் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் உண்டு. அதன் பிறகு பதவி தானே விழும். தகவற்பெட்டியில் 'முன்னையவர்', 'பின்னவர்' என்று வரும் கட்டங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரீக்ஸுக்கு முன்னையவர் என்று சல்லிவன் பெயரைப் போட்டுவிட்டால், இரண்டு பதவிகளை ஒரே கயிற்றில் கட்டிவிட்டோம் என்று பொருள். 'பதவி உருவாக்கப்பட்டது' என்று எழுதினால் முடிந்தது. பழைய சொல்லைத் தேடுபவர்களுக்காக வழிமாற்று (சரியான கட்டுரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு) போடுங்கள், விக்கித்தரவு என்ற தரவுத்தளத்திலும் பதவிகளைத் தனித்தனி உருப்படியாக வையுங்கள். ஆதாரத்துக்கு அன்றைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட் (அரசிதழ்), சிவில் லிஸ்ட் (அதிகாரிகளின் பதவிப் பட்டியல்) இவைதான் முதல் தரம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஊட்டி நீலகிரி நூலகத்திலும் பழைய புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஒரு எச்சரிக்கை: கெசட்டிலிருந்து நீங்களாக ஒரு புது முடிவுக்கு வந்து அதைக் கட்டுரையில் எழுதினால் அது சொந்த ஆய்வாகிவிடும். பதவிப் பெயரையும் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

'பிரதமர்' என்பதை மீளமைத்தவரிடம் கோபப்பட வேண்டாம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காப்பாற்ற நினைக்கிறார், அது கெட்ட எண்ணம் இல்லை. வெறும் 'பிரதமர்' என்று ஒற்றைச் சொல்லாக விட்டால் யாராக இருந்தாலும் திடுக்கிடத்தான் செய்வார்கள். பேச்சுப் பக்கத்தில் 1935 சட்டத்தையும் 1950 ஜனவரி 26ஐயும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, கட்டுரையில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'அப்போது சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக (1950க்குப் பிறகு முதலமைச்சர் என அழைக்கப்பட்ட பொறுப்பு) இருந்த ராஜாஜி'. இரண்டு நாள் பொறுத்திருங்கள். மறுபடியும் மாற்றினால் மீளமைக்காமல் எனக்கு எழுதுங்கள், பேச்சுப் பக்கத்துக்கு நானும் வருகிறேன். சல்லிவன் வரியை இன்றைக்கே திருத்திவிடலாம்: 'கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்'. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.